குளியலறைக் கதவுக்கு வெளியே

அந்தப் பல் டாக்டருக்கு இரண்டு தொழில். காலையில் குழந்தைகளுக்குப் பேய்க்கதை எழுதுவாள், சாயங்காலம் குழந்தைகளுக்குப் பல் பார்ப்பாள். "ரெண்டுக்கும் மூலதனம் ஒண்ணுதான், பயம்" என்று அவள் தங்கச்சி சொல்வாள். தங்கச்சிக்கு அதே கிளினிக்கில் முன்மேஜை வேலை. போன் எடுப்பது, அடுத்த ஆளைக் கூப்பிடுவது, அழுகிற பிள்ளையின் கையில் பொம்மையைத் திணிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. வேலை எப்படி என்று யாராவது கேட்டால், "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும்" என்பாள். அக்கா காதில் விழும்படியே சொல்வாள்.

டாக்டருக்கு அதெல்லாம் உறைக்காது. இரண்டு தொழிலிலும் தனக்குக் கை தேர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை மறைத்து அடக்கம் காட்டுகிற பழக்கம் அவளிடம் கிடையாது.

கிளினிக்கில் ஒரு சொல்லுக்கு மட்டும் தடை. 'வலிக்காது' என்ற சொல். எந்த அப்பாவாவது அம்மாவாவது நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "வலிக்கவே வலிக்காதுடா கண்ணா" என்று ஆரம்பித்தால், தங்கச்சி வந்து அவர்களைக் கையோடு வெளியே கூட்டிப்போய்விடுவாள். டாக்டர் குழந்தையிடம் ஊசியைக் காட்டுவாள். "இது உள்ள போகும். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், ஆனா கொஞ்சம் பெரிய எறும்பு. அப்புறம் உன் உதடு உன்னோடது இல்லாத மாதிரி ஆயிடும். பயமா இருந்தா பயப்படு. வாயை மட்டும் மூடாத." இப்படிச் சொன்னால் பிள்ளைகள் அடங்கிவிடும். பொய் சொல்லாத பெரிய மனுஷியைப் பார்த்த ஆச்சரியத்திலேயே பாதிப் பயம் போய்விடும் என்பது அவள் கணக்கு.

கதையிலும் அதே கணக்குதான். அவள் பேய்கள் கடைசிப் பக்கத்தில் நல்லவையாக மாறி ஐஸ்கிரீம் சாப்பிடாது. விடிந்ததும் எல்லாம் கனவு என்று ஆகாது. புனைபெயரில் எழுதிய அவளுடைய புத்தகம் ஒன்று பள்ளிக்கூடங்களில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துகொண்டிருந்தது. அதில் பிள்ளைகள் முதலில் புரட்டுகிற கதை, 'தண்ணீர் போகிற வழி'.

கதை இதுதான். ஒரு வீட்டுக் குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற ஓட்டை. அதற்குக் கீழே ஒன்று இருக்கிறது. அதற்கு உடம்பு கிடையாது, முகம் கிடையாது, சொந்தக் குரலும் கிடையாது. குளிக்கும்போது ஆட்கள் பாடுகிறார்களே, தனக்குத்தானே பேசிக்கொள்கிறார்களே, அந்தக் குரலெல்லாம் தண்ணீரோடு இறங்கி அதனிடம் போய்ச் சேர்கிறது. ஒரு நாள் அது அந்த வீட்டுப் பையனை அவன் அம்மாவின் குரலில் கூப்பிடுகிறது. கதவுக்கு வெளியே வீட்டு மனிதர் யாராவது நின்று "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டால் அது அடங்கிவிடும். பையன் கத்துகிறான், "வெளிய யாராவது இருக்கீங்களா?" எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். டிவி ஓடுகிறது. மிக்ஸி ஓடுகிறது. அவன் அக்கா காதில் பாட்டு மாட்டியிருக்கிறாள். மறுநாள் அம்மா குளிக்கப் போகும்போது ஓட்டைக்குள்ளிருந்து பையனின் குரல் மெதுவாகக் கேட்கிறது: வெளிய யாராவது இருக்கீங்களா?

அத்தோடு கதை முடிகிறது.

இந்தக் கதையால்தான் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை டாக்டருக்கு போன் செய்தார். குரலில் சங்கடம் இருந்தது. "ஒரு அப்பா வந்து ரொம்ப வருத்தப்பட்டார், டாக்டர். அவர் பொண்ணு தனியா குளிக்க மாட்டேங்குதாம். லைப்ரரியில இருந்து புத்தகத்தை எடுத்துடணும்னு சொல்றார். வெள்ளிக்கிழமை பெத்தவங்களைக் கூட்டியிருக்கேன். நீங்களும் வந்தா நல்லா இருக்கும்."

"வரேன்" என்றாள் டாக்டர். இந்த மாதிரிக் கூட்டம் அவளுக்குப் புதிதில்லை. எதிலும் அவள் தோற்றதில்லை. போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். என்ன பேசுவது என்று யோசிக்கக்கூட இல்லை.

அந்த வாரத்தில்தான் ஒரு பெண் குழந்தை பல்வலி என்று வந்தாள். ஒன்பது வயதிருக்கும். வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. அப்பா அப்படித்தான் கூப்பிட்டார். அவர் லாரிகளை ஊர் ஊராக அனுப்புகிற கம்பெனியில் மேலாளர். உள்ளே வந்ததிலிருந்து போன் காதைவிட்டு இறங்கவில்லை. "எங்க நிக்குது வண்டி? டயர் போச்சுன்னா மாத்து, என்கிட்ட ஏன் அழற? இரு, இன்னொரு லைன் வருது." நடுவில் ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு மகளிடம் குனிந்தார். "வலிக்கவே வலிக்காது வாலு, சரியா?"

தங்கச்சி அவரை வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"எந்தப் பல்லு?" என்றாள் டாக்டர்.

"எல்லாப் பல்லும்."

"எல்லாப் பல்லும் வலிச்சா இப்படி காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. தரையில உருண்டிருப்ப. ஆ சொல்லு."

வாய்க்கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். கடைவாயில் ஒரு பல்லில் சின்னதாகச் சொத்தை இருந்தது. "பொய் சொல்லிட்டு வந்தாலும் உனக்கு யோகம் இருக்கு. ஒண்ணு கெட்டுப்போயிருக்கு."

"நான் பொய் சொல்லல. வலிக்கப் போகுதுன்னு எனக்குத் தெரியும்." பெண் நாற்காலியில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டாள். பிறகு, கடைக்காரனிடம் சாமான் கேட்கிற தோரணையில் கேட்டாள். "நீங்கதானே அந்தக் குளிக்கற ரூம் கதை எழுதினது?"

டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள். "யார் சொன்னா?"

"புத்தகத்துக்குப் பின்னாடி போட்டிருக்கு, இவர் குழந்தைகள் பல் மருத்துவர்னு. இங்க குழந்தைங்களுக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். அதுவும் இல்லாம வெளிய அந்த அக்கா மேஜையில அடுக்கி வெச்சிருக்காங்க. அப்பா பாக்கல. அவர் போன்ல இருந்தார்."

டாக்டருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. "கதை பயமா இருந்துச்சா?"

"முதல் தடவை. அப்புறம் நிறைய தடவை படிச்சேன், இப்ப மனப்பாடம்." கால் ஆடுவது நின்றது. "அப்பா ஸ்கூல்ல வந்து சொல்லிட்டார். புத்தகத்தை எடுக்கப் போறாங்க."

அப்போதுதான் டாக்டருக்குப் புரிந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினது போல, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் காரணமானவளே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "தனியா குளிக்கப் பயப்படற பொண்ணு நீதானா?"

பெண் கதவைப் பார்த்தாள். வெளியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. லோடு, டீசல், இரவுக்குள் போய்ச் சேரவேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் பயப்படல."

"பின்ன?"

"கதையில இருக்கற மாதிரி வெளிய ஒருத்தர் நிக்கணும் இல்ல? நான் கூப்பிட்ட உடனே பதில் சொல்லணும். போன்ல இருந்தா உடனே சொல்ல முடியாது. அதனால அப்பா போனை ஹால்ல வெச்சுட்டு வந்து நிக்கறார்."

"அம்மா?"

"அம்மாவுக்கு வேற ஊருக்கு மாத்தல் ஆயிடுச்சு. சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை போயிடுவாங்க. அவங்க இருக்கும்போது அவங்க நிப்பாங்க. ஆனா அம்மா சும்மாவே பேசுவாங்க, அதனால அது பரவாயில்ல."

"உள்ள அவ்வளவு நேரம் என்ன பண்ணுவ?"

"சீக்கிரம் குளிச்சுடுவேன். டிரெஸ் போட்டுக்கிட்டு பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்குவேன். குழாயை லேசாத் தொறந்து வெச்சுப்பேன், குளிக்கற சத்தம் வரணும் இல்ல? நிறையத் தொறந்தா தண்ணி வீணாயிடும்." அந்தச் சிக்கனத்தை டாக்டர் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தவள் மாதிரி ஒரு கணம் நிறுத்தினாள். "அப்பா நல்லா பேசறார், டாக்டர். ஒரு நாள் சைக்கிள் திருடு போன கதை சொன்னார். அவரே பூட்ட மறந்துட்டு, அவங்க அப்பாகிட்ட பொய் சொல்லியிருக்கார். அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சாம், கடைசி வரைக்கும் கேக்கவே இல்லயாம்."

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினாள். கதைக்குள் தான் வைத்த விதியை ஒரு குழந்தை இப்படிக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் மாட்டிக்கொள்ளும் என்று அவள் நினைத்ததே இல்லை. தன் கைவேலை நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு பெருமை வந்தது.

"ரெண்டு விஷயம்" என்றாள் வாலு. "ஒண்ணு, நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. பேஷன்ட் சொல்றதை டாக்டர் வெளிய சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. இன்னொண்ணு, நீங்க இன்னொரு கதை எழுதணும். சாப்பிடற மேஜையில வர்ற மாதிரி."

"அங்கயும் போன்தானா?"

"அங்கதான் ரொம்ப."

டாக்டர் இரண்டுக்கும் சரி என்றாள். அதற்குப் பிறகு பெண்ணின் வாய் மரத்துப்போய்விட்டதால் பேச்சு நின்றது. சொத்தையைச் சுரண்டி, இப்போதைக்குத் தற்காலிகமாக அடைத்துவிட்டாள்.

வெளியே வந்தபோது அப்பா முன்மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அப்போதுதான் மேஜையைப் பார்த்திருக்கிறார். "இந்தப் புத்தகம் இங்க எதுக்கு இருக்கு?" என்று தங்கச்சியிடம் கேட்டார்.

தங்கச்சி என்னதான் கேலி பேசினாலும் அக்கா புத்தகத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீட்டாமல் விடமாட்டாள். "எங்க அக்கா எழுதினது சார். பாப்பாவுக்கு ஒண்ணு வேணுமா?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்துத் தங்கச்சி புத்தகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவர் சத்தம் போடவில்லை. டாக்டரைத் திரும்பிப் பார்த்து, மெதுவாகத்தான் பேசினார். "என் பொண்ணு வாய்க்குள்ள கை வைக்கறதுக்கு உங்ககிட்ட கூட்டிட்டு வந்தேன். அதுக்கு முன்னாடியே அவ தலைக்குள்ள கை வெச்சிருக்கீங்க."

வழக்கமான டாக்டராக இருந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் வந்திருக்கும். நாக்கின் நுனிக்கு வரத்தான் வந்தது. உதடு ஒரு பக்கம் தொங்க, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாலு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் கடிக்கக் கூடாது. உதட்டையும் சேர்த்துத்தான்" என்றாள் டாக்டர். "அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. நிரந்தரமா அடைக்கணும்."

அவர்கள் போனதும் தங்கச்சி அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லயா?"

வெள்ளிக்கிழமைக் கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. அங்கே இருந்ததெல்லாம் சின்னப் பிள்ளைகளின் நாற்காலி. முழங்கால் நெஞ்சில் முட்ட, பெற்றவர்கள் எல்லோரும் குறுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பிள்ளைகள் வரைந்த மிருகங்கள் ஒட்டியிருந்தன. பாதிக்கு மேல் பல்லோடு சிரித்தன. டாக்டர் தொழில் பழக்கத்தில் அந்தப் பற்களை எண்ணப்போய்த் தன்னைத் தடுத்துக்கொண்டாள்.

முதலில் பேசியது பேக்கரி வைத்திருக்கிற ஓர் அம்மா. சண்டைக்கு வந்தவள் இல்லை. "என் பையன் தூங்க மாட்டேங்கறான், டாக்டர். கதையை நான் கூடப் படிச்சேன், நல்லாத்தான் இருக்கு. ஆனா அவன் சுபாவம் அப்படி. சின்ன சத்தம் கேட்டாலும் விறைச்சுப் போயிடறான். விடியறதுக்கு முன்னாடி நான் கடைக்குப் போகணும். அவனை விட்டுட்டுப் போக முடியல."

டாக்டர் கவனமாகக் கேட்டாள். இது வேறு விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தது. "உங்க பையனுக்கு அந்தக் கதை வேண்டாம்மா" என்றாள். "எல்லா மருந்தும் எல்லா உடம்புக்கும் ஒத்துக்காது. புத்தகத்தை வீட்டுல வெச்சிருக்காதீங்க. அவனை ஒரு நாள் கிளினிக்குக் கூட்டிட்டு வாங்க. பல் பாக்க இல்ல. அந்த ஓட்டைக்குள்ள இருக்கறதை நான்தான் செஞ்சேன். எதை எதை வெச்சுச் செஞ்சேன்னு அவனுக்குப் பிரிச்சுக் காட்டறேன். பிரிச்சுப் பார்த்த பொம்மைக்கு யாரும் பயப்பட மாட்டாங்க." அந்த அம்மா தலையை ஆட்டினாள். பிறகு சொன்னபடியே பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனுக்குப் பயம் பாதி தெளிந்தது, மீதி தெளிய நாளானது.

அடுத்து லாரி மேலாளர் எழுந்தார். சின்ன நாற்காலி அவரோடு சேர்ந்து எழுந்தது. அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"நான் கதை படிக்கற ஆள் இல்ல. வண்டி அனுப்பற ஆள். தினமும் சாயங்காலம் என் பொண்ணு குளிக்கப் போவா. நான் கதவுக்கு வெளிய நிக்கணும். நகரக் கூடாது. போனைத் தொடக் கூடாது. சரியா அந்த நேரம்தான் எங்க வண்டியெல்லாம் கிளம்பற நேரம். முதலாளி கூப்பிடுவார், எடுக்க முடியாது. திட்டு வாங்கறேன். சரி, பேசாம நிக்கலாம்னா அதுவும் கூடாது. குரல் கேட்டுக்கிட்டே இருக்கணுமாம். நான் என்னத்தைப் பேசுவேன்? முதல் நாள் வண்டி நம்பரெல்லாம் சொன்னேன்."

யாரோ சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்துவிட்டார்.

"அப்புறம் அவளே கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டா. நீ எந்த பெஞ்சுல உக்காருவ, யார்கிட்ட அடி வாங்கின, அம்மாவை முதல்ல எங்க பாத்த. நான் அவ அம்மாவைப் பாத்தது ஒரு ரிப்பேர் கடையில. அவளோட ரேடியோவை நான் எடுத்துட்டுப் போயிட்டேன், என்னோடது அவகிட்ட. அதையெல்லாம் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, எதுக்குச் சொல்லணும்? அவ கிளாஸ்ல ஒரு பொண்ணு இருக்காளாம், திடீர்னு இவகூடப் பேசறதை நிறுத்திட்டாளாம். மத்தியானம் இவ தனியாத்தான் சாப்பிடறாளாம். இது எத்தனை நாளா நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. நேருக்கு நேர் கேட்டா சொல்ல மாட்டா, கதவு நடுவுல இருந்தா சொல்றா. போன வாரம் அவ..."

பாதியில் நின்றுவிட்டார். வழி தவறின லாரிக்காரனைப் போல முன்னும் பின்னும் பார்த்தார். "நான் எங்க விட்டேன்?"

"போனைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டிருந்தீங்க" என்றார் தலைமை ஆசிரியை.

"ஆமா." அவர் தொண்டையைக் கனைத்தார். "எப்படி இருந்தாலும், ஒரு குழந்தை தண்ணி போற ஓட்டையைப் பாத்துப் பயப்படறது நல்லது இல்ல. புத்தகத்தை எடுத்துடணும். அவ்வளவுதான்." நாற்காலி இருக்கும் இடத்தைத் தேடி உட்கார்ந்தார்.

"டாக்டர், நீங்க?" என்றார் தலைமை ஆசிரியை.

டாக்டர் எழுந்தாள். ஜெயிப்பதற்கு நான்கு சொல் போதும். 'உங்க பொண்ணு பயப்படவே இல்ல.' அதைச் சொல்லிவிட்டால் இந்த அறையே திரும்பி அவள் பக்கம் வந்துவிடும். புத்தகமும் அலமாரியில் இருக்கும். ஆனால் இன்று சாயங்காலமே ஒரு குளியலறைக் கதவுக்கு வெளியே யாரும் நிற்கமாட்டார்கள். கவிழ்த்த பக்கெட்டில் ஒருத்தி உட்கார்ந்து வெறும் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"நான் பயமுறுத்தத்தான் எழுதறேன்" என்றாள். "தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லமாட்டேன். நல்லா பயமுறுத்தணும்னு மெனக்கெட்டு எழுதறேன். அந்தக் கதையில பையன் போனதுக்குக் காரணம் ஓட்டைக்குள்ள இருந்தது இல்ல. வீடு நிறைய ஆள் இருந்தும் யாரும் பதில் சொல்லல. பெரியவங்க யாரும் இதைப் பத்தி என்கிட்ட கேட்டதில்ல. குழந்தைங்க எல்லாருக்கும் இது படிச்ச உடனே தெரிஞ்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "இவர் பொண்ணைப் பத்தி நான் ஒண்ணும் பேசமாட்டேன். அவ என் பேஷன்ட். நீங்க என்ன முடிவு பண்ணினாலும் எனக்குச் சம்மதம்."

உட்கார்ந்துவிட்டாள். இன்னும் வரும் என்று காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கை தூக்கச் சொன்னபோது, எடுத்துவிடலாம் என்ற பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. தலைமை ஆசிரியை புத்தகத்தை எடுத்துத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதற்குள் அதைப் படிக்காத பிள்ளைகளுக்கும் அதைப் படித்தே தீரவேண்டும் என்று ஆகிவிட்டது. ஆளுக்கொரு பை வழியாக நான்கைந்து பிரதிகள் வகுப்பு வகுப்பாகச் சுற்றத் தொடங்கியதை டாக்டர் பின்னால் கேள்விப்பட்டாள்.

நூலகத்துக்கு வெளியே நடையில் மேலாளர் அவளுக்காக நின்றுகொண்டிருந்தார். கோபம் வடிந்த முகம்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். இந்த மாதிரி பயம் எவ்வளவு நாளைக்கு இருக்கும்?"

"சொல்ல முடியாது. சிலருக்கு ஒரு வாரத்துல போயிடும். சிலருக்கு வருஷக்கணக்குல இருக்கும்."

"வருஷக்கணக்குல" என்று அவர் திரும்பச் சொல்லிப் பார்த்தார். கவலைப்படுகிறவர் சொல்கிற மாதிரி இல்லை.

"அதுக்கு ஏதாவது பண்ணணுமா?" என்று அவரே கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம். வெளிய நில்லுங்க, போதும்."

"நிக்கறேன். நிக்காம என்ன." அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டார். "அவசரம் ஒண்ணும் இல்ல, டாக்டர். குழந்தைதானே. மெதுவாப் போகட்டும்."

இந்த மனிதருக்கு விஷயம் தெரியுமோ என்று டாக்டருக்கு ஒரு கணம் தோன்றியது. அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வாசல் வரைக்கும் பல் தேய்க்கிற பசையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள்.

தங்கச்சிக்குத்தான் ஆறவில்லை. "ஊர்ல இருக்கறவன் வாயை எல்லாம் திறக்க வைக்கறவ நீ. உன் வாயைத் திறக்க யாரைக் கூட்டிட்டு வர்றது? சும்மா உக்காந்து தோத்துட்டு வந்திருக்க."

"தோக்கல" என்றாள் டாக்டர். எப்படி என்று அவள் விளக்கவில்லை. தங்கச்சியும், இவளிடம் கேட்பதற்குச் சுவரிடம் கேட்கலாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே டாக்டர் புதுக் கதையை எழுத உட்கார்ந்தாள். கை தானாக ஓடியது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒன்று இருக்கிறது. மேஜையில் இருப்பவர்களில் யார் தங்கள் தட்டையும் பார்க்காமல், எதிரில் இருக்கிற முகத்தையும் பார்க்காமல், வேறு எதையோ பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்களோ, அவர்கள் காலை அது தொட்டுப் பார்க்கும். முதலில் பூனை உரசுவது மாதிரி இருக்கும். அந்த வீட்டில் பூனை கிடையாது. கடைசியில் ஒரு நாள் அப்பாவின் நாற்காலி காலியாக இருக்கும். தட்டில் சோறு ஆவி பறந்துகொண்டிருக்கும். மேஜைமேல் அவர் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளிருக்காது.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள். முதல்தரமான சரக்கு என்று அவளுக்கே தெரிந்தது.

பல்லை நிரந்தரமாக அடைக்க வாலு வந்தபோது, ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருக்கிற நேரத்தில் அந்தத் தாள்களை டாக்டர் அவள் கையில் கொடுத்தாள். வெளியே அப்பா ஒரு பழைய வாரப்பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். வழக்கத்துக்கு மாறாகச் சத்தமே இல்லை. பெண் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். பூனை உரசுகிற இடத்தில் தன் கால்கள் இரண்டையும் மெதுவாக நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். டாக்டர் அதைப் பார்த்துத் திருப்தியோடு க்ளவுஸை மாட்டிக்கொண்டாள்.

கடைசித் தாளைப் படித்து முடித்ததும் வாலு அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"அப்பாவை எடுத்துக்கக் கூடாது." நாக்கு பாதி மரத்திருந்ததால் சொல் குழறியது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"பயமா இருக்கா?"

"ஆமா."

இப்போது பயமாக இருக்கிறது என்று இந்தப் பெண் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. டாக்டர் சக்கர முக்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதற்கு முன்னால் ஒரு பதிப்பாளர் முடிவை மாற்றச் சொன்னபோது தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து வந்தவள் அவள். இப்போது பேனாவை எடுத்துக் கடைசிப் பத்தியைக் குறுக்கே அடித்தாள். வருத்தமாக இல்லை.

"சரி, அப்பாவை விட்டுடலாம். அப்ப யாரை எடுத்துக்கும்? வந்தது வெறுங்கையோட போக முடியாதே."

வாலு யோசித்தாள். முறைப்பாக, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தபடி யோசித்தாள்.

"யாரையும் எடுத்துக்க வேண்டாம். எடுத்துக்கிட்டா கதை முடிஞ்சுடும் இல்ல? அது போகவே கூடாது. மேல ஏறி வந்து காலியா இருக்கற நாற்காலியில உக்காந்துக்கட்டும். தினமும் வரட்டும். எல்லாரும் அதைப் பாக்காத மாதிரியே சாப்பிடட்டும். ஒரு நாள் பாத்தா, அதுக்கு முன்னாடியும் ஒரு தட்டு இருக்கணும்."

"யார் வெச்சாங்க அந்தத் தட்டை?"

"அதான் யாருக்கும் தெரியாது. நீ வெச்சியா, நீ வெச்சியான்னு யாரும் கேக்கவும் மாட்டாங்க."

டாக்டரின் கையில் க்ளவுஸ் முடிகிற இடத்துக்கு மேலே மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது. எத்தனையோ பேரைப் பயமுறுத்தியிருக்கிறாள். தனக்கு இப்படி ஆகி வெகுகாலம் ஆயிற்று. அது அவளுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

"இதை நான் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோங்க. சீக்கிரம் எழுதுங்க."

தங்கச்சி கதவைத் திறந்து தலையை நீட்டினாள். அடுத்த பையன் பொம்மையைக் கடித்துக்கொண்டிருக்கிறான், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆளைக் கடிப்பான் என்றாள்.

"இருக்கச் சொல்லு" என்றாள் டாக்டர். க்ளவுஸைக் கழற்றி எறிந்துவிட்டு, தாளைத் திருப்பிப்போட்டு வேகமாக எழுத ஆரம்பித்தாள். இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தத் தட்டுல என்ன இருக்கும்?"